வால்வு சரியாக இருக்கிறது

பிப்ரவரி 4

காரணம் கண்டுபிடிக்கும் மேடம் அவர்களுக்கு, அவருடைய பழைய வீட்டுக்காரன் எழுதுவது.

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, இனிமேல் கடிதம் எழுதுங்கள், எழுதும்போதாவது யோசிப்பீர்கள் என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்து மூன்று நாள் ஆகிறது. யோசித்துப் பார்த்தேன். நான் என்ன கேட்டேன்? பின்னால் ஒரு ஆண் குரல் சிரித்ததே, யார் அது என்று கேட்டேன். பாய்லர் பார்க்கிறவர் என்றாய். பாய்லர் பார்க்கிறவருக்கு நீ போன் பேசுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்டேன். இதில் போனை வைக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் லாரி உன் கிளைக்கு வருவதால் டிரைவர் மீசையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் கவரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டாம்ப் ஒட்டவில்லையா என்றார். இருபது வருடமாக அழுக்கு விரிப்பை ஏற்றி இறக்குகிற மனுஷனுக்குக் கிண்டலைப் பார்.

வீடு நன்றாக இருக்கிறது. எந்தக் கதவும் கிறீச்சிடுவதில்லை. எல்லாக் கீலுக்கும் எண்ணெய் போட்டுவிட்டேன், வேறு வேலை இல்லை. ஹாஸ்டலிலிருந்து மகள் பேசினாள். ஒரே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொள்ளும் புருஷன் பொண்டாட்டியை அவள் பார்த்ததே இல்லையாம்.

இங்கே ஒரு புதுத் தலைவலி. ஆஸ்பத்திரி விரிப்புகளில் பழுப்புப் புள்ளிகள். துவைத்து உலர்ந்து இஸ்திரி மெஷினுக்குள் வெள்ளையாகப் போகிற விரிப்பு, மறுபக்கம் வெளியே வரும்போது ஓரத்தில் ஐந்தாறு புள்ளியோடு வருகிறது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு விரிப்பு. ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் மடிப்பு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், சித்தியின் கையில் டீ டம்ளரைப் பார்த்தார், விசாரணை முடிந்தது. டீக் கறை என்கிறார். உன் பக்கத்தில் பதினோரு வருடம் நின்று மடித்தவள், யாருக்கும் உறவில்லாமல் எல்லோருக்கும் சித்தியானவள், பதினெட்டு வருடமாக அதே மேசையில் டீ குடிக்கிறாள். இந்த மாதம்தான் சிந்தப் பழகினாளா என்று யாரும் கேட்கவில்லை.

நீ இருந்தால் உன் மஞ்சள் விசாரணைத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஏன் என்று ஐந்து ஏன் கேட்டிருப்பாய். அந்தத் தாளால்தானே உனக்கு இந்தப் பதவி. தலையணை உறை ஏன் கிழிகிறது, டிராலியில் மாட்டுகிறது, ஏன் மாட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே போய் டிராலியின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு திருகாணியில் கொண்டுபோய் முடித்தாய். தலைமை அலுவலகமே கை தட்டியது. சாப்பாட்டு மேசையில் "டிராலியைப் பாரு" என்று முதலில் சொன்னவன் யார் என்பதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை போலிருக்கிறது.

ஆறு மாதப் பதவி என்றார்கள். ஜூலையில் முடிகிறது. எனக்கு அது போதும்.

உன் ஃபிட்டர்


பிப்ரவரி 7

என் பழைய வீட்டுக்காரருக்கு (புதியவர் யாரும் வரவில்லை, பயப்பட வேண்டாம்),

மீசை அண்ணன் உங்கள் கவரை எல்லோர் முன்னாலும் நீட்டி, காதல் கடிதம் வந்திருக்கிறது என்றார். பிரித்துப் பார்த்தால் விசாரணைக் கடிதம்.

இங்கே எல்லாம் தகரக் கூரை. பாய்லர் அறை வாசலில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டீர்கள். அது அவருடைய அறை. எனக்குத்தான் அங்கே வேலை இல்லை.

டிராலியைப் பார் என்று நீங்கள் சொன்னது உண்மை. அதே வாரம் வாஷிங் மெஷின் கதவைப் பார், டிரையர் சூட்டைப் பார், தண்ணீரைப் பார், தையல் நூலைப் பார், ஏற்றுகிற பெண்களின் வளையலைப் பார் என்றும் சொன்னீர்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். நாற்பத்திரண்டு டிராலிக்குள்ளும் கையை விட்டுத் தடவினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. சொன்னவருக்குத் தாளில் கட்டம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தடவியவருக்குத்தான் கட்டம்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களிடம் சொல்லலாமா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வந்த முதல் வாரமே ஒரு சிக்கல். டிரையரிலிருந்து துண்டுகள் ஈரமாகவே வந்தன. டிரையர் ஓட்டுகிற பெண் அவசரப்பட்டு எடுத்துவிடுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாய்லர்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பாய்லர்காரரும் நானும் ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்றோம். பாய்லர்காரர் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மூன்றாவதில், இதற்கு மூச்சு முட்டுகிறது என்றார். திறந்தால் காற்றுக் குழாய் முழுக்கப் பஞ்சு. ஏன் பஞ்சு? வடிகட்டி கிழிந்திருக்கிறது. ஏன் கிழிந்தது? கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஏன் கம்பி பிரஷ்? வாங்குகிற பட்டியலில் வேறு பிரஷ்ஷே இல்லை. பாவம், அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாய்லர்காரரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கடைசி ஏனுக்குப் பதிலாக ஒரு ஆளின் பெயர் வந்தால் நாம் இன்னும் தோண்டவில்லை என்று அர்த்தம், இது பாய்லர்காரர் சொல்வது.

இப்போது உங்கள் புள்ளிகளுக்கு வருகிறேன். மறுபடி துவைத்தால் போகிறதா? டீ என்றால் போய்விடும். காலையிலா, மதியத்திலா? எல்லா நாளும் ஒரே அளவா? விரிப்பின் எந்த ஓரம்? பாய்லர்காரரிடமும் கேட்டேன். டீயாக இருக்காது என்பதுதான் பாய்லர்காரரின் எண்ணமும். உடனே எழுதுங்கள். சித்தியின் பெயரை அதற்குள் யாரும் எந்தக் கட்டத்திலும் எழுதிவிடக் கூடாது.

உங்கள் மனைவி


பிப்ரவரி 11

மேடத்துக்கு,

உன் கடிதத்தில் பாய்லர்காரர் ஏழு முறை வருகிறார். எண்ணினேன். வேலை நேரத்தில் எண்ணினேன். "சாப்பிட்டீர்களா" ஒரு முறைகூட வரவில்லை.

அந்த ஸ்க்ரூடிரைவர் வித்தையை உனக்கு முதலில் காட்டியவன் யார்? கல்யாணமான புதிதில், உன்னை மெஷின் பக்கம் கூட்டிப் போய், முனையை ஊன்றிக் கைப்பிடியை உன் காதில் வைத்து, "கேக்குதா?" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாய். அதையே இப்போது வேறொருவர் செய்தார் என்று, ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்தவள் மாதிரி எனக்கு எழுதுகிறாய். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் இருபத்தாறு வருடமாக மெஷினைக் காதால் கேட்கிறவன். என்னிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நீ யாருக்காவது எழுதியிருக்கிறாயா?

கேட்டதற்குப் பதில். துவைத்தால் போகவில்லை. காலையில் முதல் ஒரு மணி நேரம்தான் வருகிறது. திங்கட்கிழமை அதிகம். எப்போதும் இடது ஓரம். எனக்கும் ஒரு யூகம் இருக்கிறது. சொன்னால் அது யார் பெயரில் சேரும் என்று தெரியாததால் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்குள் தீராவிட்டால் உன் கிளையிலிருந்து மஞ்சள் தாளோடு ஆள் வரும் என்று மேனேஜர் சொன்னார். மஞ்சள் தாள் என்றால் நீதானே. வந்து ஒரு வாரம் இருந்து பார். வாசல் கதவு இப்போது எவ்வளவு சத்தமில்லாமல் திறக்கிறது என்று தெரியும்.

ஃபிட்டர்


பிப்ரவரி 14

உங்களுக்கு,

சாப்பிட்டீர்களா? சாப்பிட்டீர்களா? சாப்பிட்டீர்களா? இன்னும் நான்கு பாக்கி, அடுத்த கடிதத்தில்.

முதல் ஒரு மணி நேரம். திங்கட்கிழமை அதிகம். எப்போதும் இடது ஓரம். எழுதும்போதே உங்களுக்கு உறைக்கவில்லையா? ஞாயிறு முழுக்க மெஷின் குளிர்ந்து கிடக்கிறது. இஸ்திரி உருளைக்குள் இருக்கும் நீராவி தண்ணீராகிறது. அது வெளியேற இடது பக்கம் ஒரு வடிகால் வால்வு இருக்கிறது, எனக்கு அதைக் காட்டியதே நீங்கள்தான். அந்த வால்வின் வாஷர் போயிருந்தால் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப் பிடித்து, காலையில் நீராவியைத் திறந்ததும் விரிப்பின் மேல் துப்பும். டீ இல்லை, துரு. அரை மணி நேர வேலை. இது எனக்கே தோன்றுகிறது என்றால் உங்களுக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். கழற்றிப் பாருங்கள்.

சித்திக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள் என்று மீசை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் எழுதவில்லை. உங்கள் யூகம் யார் பெயரில் வேண்டுமானாலும் சேரட்டும். சித்தி பெயரில் மட்டும் எதுவும் சேரக் கூடாது.

ஸ்க்ரூடிரைவரை நான் மறக்கவில்லை. அவர் அதைக் காதில் வைத்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. அதை எழுதாமல் விட்டது என் தப்பு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு கடிதத்தையும் நான் எத்தனை தடவை புரட்டினேன் தெரியுமா? உனக்கு வேலை பிடித்திருக்கிறதே, சந்தோஷம் என்று ஒரு வரி இல்லை. துண்டு விஷயத்தை நன்றாகச் செய்தாய் என்று அரை வரி இல்லை. கதவுக்கு எண்ணெய் போட்டது மட்டும் இரண்டு கடிதத்திலும் இருக்கிறது.

உங்கள் மனைவி


பிப்ரவரி 18

உனக்கு வேலை பிடித்திருக்கிறது. சந்தோஷம். எழுதிவிட்டேன்.

சாப்பிட்டேன்.

வால்வைக் கழற்றிப் பார்த்தேன். வால்வு சரியாக இருக்கிறது. வாஷரும் சரியாக இருக்கிறது. உன் யூகமும் பாய்லர் யூகமும் தப்பு. இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும், அங்கிருந்து கடிதத்தில் கண்டுபிடிக்க இது ஒன்றும் குறுக்கெழுத்துப் போட்டி இல்லை.

நேற்றிலிருந்து சித்தியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை. காலையில் கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தாள், வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். நான் உள்ளே போகும்போது என் கையைப் பிடித்து, "உன் பொண்டாட்டி இங்க இருந்தா இப்படி ஆயிருக்குமா தம்பி?" என்றாள். பக்கத்தில் நிற்கிறவன் நான், அவள் தேடுவது உன்னை. இந்தக் கம்பெனியில் எது கெட்டாலும் உன் பெயர்தான், எது சரியானாலும் உன் பெயர்தான்.

அவள் போன பிறகும் புள்ளி வருகிறது. அதெல்லாம் அவள் இருந்தபோது பட்ட பழைய கறை, போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்கிறார் மேனேஜர்.

ஆகவே நீ வந்துவிடு. எந்த நாள் என்று மட்டும் எழுது.


பிப்ரவரி 25

உங்களுக்கு,

நான் வரவில்லை. சொந்தக்காரர் வேலை பார்க்கும் கிளைக்கு விசாரணைக்குப் போகக் கூடாது என்பது விதி. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீங்களும் கேட்கவில்லை, வா வா என்று எழுதினீர்கள், நான் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

பாய்லர்காரர் வருகிறார். திங்கட்கிழமை மெஷின் ஓடத் தொடங்கும்போதே அங்கே இருப்பார். இரண்டு நாள் பார்ப்பார். செவ்வாய் மதியம் மேனேஜர் முன்னால் சித்தியின் விசாரணை. மெஷினில் காரணம் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால் சித்தியை அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அந்த வயதில் அவளை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தது நான். முதலில் வடிகால் வால்வை எழுதியிருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அடித்துவிட்டேன். இதைப் பார்க்க வேண்டாமா என்று அவர் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் கழட்டிப் பார்த்துட்டார். அவர் பார்த்தா பார்த்ததுதான்" என்றேன்.

அவருக்கு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள். முகத்தையும் கொஞ்சம் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 5

என்னவளுக்கு,

இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் சொல்லி நீ கேட்டதைவிட நான் சொல்வது மோசமாகத்தான் இருக்கும், முழுக்கப் படி.

வால்வு சரியாக இல்லை. பிப்ரவரி பத்தாம் தேதியே கழற்றிப் பார்த்தேன். வாஷர் பாதி தேய்ந்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. புது வாஷர் என் பெட்டியில் இருந்தது. போடவில்லை. பழையதையே வைத்து முறுக்கிவிட்டு வந்து, மறுநாள் உனக்கு, எனக்கு ஒரு யூகம் இருக்கிறது என்று எழுதினேன். சரிசெய்தால் நீ வர மாட்டாய் என்று நினைத்தேன். ஒரு வாரம் போகட்டும், பத்து நாள் போகட்டும் என்று தள்ளினேன். சித்தியை நிறுத்துவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிறுத்திய பிறகும் வாயைத் திறக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது இதைவிடக் கேவலம். நீ வரவில்லை, அவர் வருகிறார் என்று எழுதினாய் அல்லவா? எனக்கு ராத்திரியும் பகலும் ஒன்றேதான் மனதில் ஓடியது. அவர் வருவார், ஸ்க்ரூடிரைவரை ஊன்றுவார், வால்வைக் காட்டுவார், உன்னிடம் வந்து சொல்வார், எட்டாவது முறையாக அவர் பெயரை நீ எனக்கு எழுதுவாய். பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு போய்ப் புது வாஷரைப் போட்டுவிட்டேன். அவர் கண்ணில் ஒரு புள்ளிகூடப் படக் கூடாது என்பது மட்டும்தான் என் நினைப்பில் இருந்தது. புள்ளி நின்றால் சித்தியின் கதி என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

திங்கள் காலை வந்தார். என்னைவிட உயரம், என்னைவிட வயது குறைவு, பேச்சும் மரியாதை. இதில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளும் மெஷினைவிட்டு நகரவில்லை. நீ எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்ததையெல்லாம் பார்த்தார். இருநூறு விரிப்புக்கு மேல் விரித்துப் பார்த்தார். எல்லாம் பால் மாதிரி வெள்ளை. சாப்பிடும்போது, உன் பட்டியலை எடுத்து அடித்த வரியைக் காட்டி, "இதையும் பார்த்துடட்டுமான்னு கேட்டேன். விடவே மாட்டேன்னுட்டாங்க. நீங்க பார்த்தா பார்த்ததுதானாம்" என்று சிரித்தார்.

செவ்வாய் மதியம் மேனேஜர் அறை. சித்தி சுவரோரம் நின்றாள், உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மேனேஜருக்கு ஒரே திருப்தி. சித்தி போனாள், கறையும் போனது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். உன் கிளையிலிருந்து வந்தவர் பேனாவைத் திறந்தார். பட்டியலின் அடியில் உன் கையெழுத்து இருந்தது, அதற்குப் பக்கத்தில்தான் அவர் கையெழுத்து வர வேண்டும். நான் சட்டைப் பையிலிருந்து பழைய வாஷரை எடுத்து மேசையில் வைத்தேன். ஏன் அதைத் தூக்கிப் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அவர் கோபப்படவில்லை. மஞ்சள் தாளை எடுத்து, எழுத்துக்கூட்டுவது மாதிரி மெதுவாகக் கேட்டார். ஏன் கறை? துருத் தண்ணீர். ஏன் துருத் தண்ணீர்? வாஷர் போய்விட்டது. ஏன் மாற்றவில்லை? மாற்ற மனம் வரவில்லை. ஏன் வரவில்லை? "மாத்தினா அவ வரமாட்டா" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் மூலம் மடிப்பு மேசை முழுக்கப் பரவிவிட்டது. பொண்டாட்டியைப் பார்க்க மெஷினையே கெடுத்தவன் என்று சிரிக்கிறார்கள். சிலருக்கு என் மேல் பாசம்கூட வந்திருக்கிறது. சித்தி சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, "பதினாறு நாள் கேட்டுக்கு வெளியே நிக்க வெச்சியே தம்பி. தினமும் என்னைத் தாண்டித்தானே உள்ளே போனே?" என்றாள்.

அவளை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு என்ன தண்டனை என்று இன்னும் சொல்லவில்லை. எதுவானாலும் சரி. எல்லாம் உன்னைப் பார்க்கிற ஏக்கத்தில் செய்தது. அதை மட்டும் நம்பு.


மார்ச் 11

உங்களுக்கு,

நம்பவில்லை.

இங்கேயும் அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. டிரையர் ஓட்டுகிற பெண் என் கன்னத்தைத் தொட்டு, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்கிறாள். எல்லோரும் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் வால்வை அடித்தது நான், என் புருஷன் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக. வேறு யார் சொல்லியிருந்தாலும் அடித்திருக்க மாட்டேன். அதைத் தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். இன்னொன்று. அந்த ஏழு முறையும் நான் வேண்டுமென்றே எழுதியதுதான். "அவர்" என்று எழுதியிருந்தாலே போதும். நீங்கள் எண்ணுவீர்கள் என்று தெரியும். நான் நன்றாக வேலை செய்கிறேன் என்று உங்கள் வாயிலிருந்து வராதபோது, வேறொருவர் நன்றாக வேலை செய்கிறார் என்று சொல்லி உங்களைச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது. சீண்டினேன். அதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் நான் சீண்டியதால் யாரும் கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

இப்போது உங்கள் பங்கு. அவர் நான்கு ஏன் கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மரியாதைக்காரர், நீங்களே சொன்னீர்கள். நான் உங்களோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவள், எனக்கு அந்த மரியாதை தேவையில்லை. நம் ஊர்களுக்கு நடுவில் பஸ் ஓடுகிறது. மூன்றரை மணி நேரம். நான் வந்த பிறகு ஆறு ஞாயிறு போயின. அதில் ஒரு ஞாயிறு வாஷர் மாற்றப் போயிருக்கிறீர்கள். என்னைப் பார்க்க ஏக்கம் என்றால், ஏன் ஒரு ஞாயிறுகூடப் பஸ் ஏறவில்லை?

பதில் தெரிந்தால் எழுதுங்கள். கதவு, எண்ணெய், சாப்பாடு இதெல்லாம் வேண்டாம்.


மார்ச் 18

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பஸ் ஏறி வந்தால் நான் உன்னைப் பார்க்க வந்தவன். உன் இடத்தில், உன் மேசைக்கு எதிரில், உன் ஆட்கள் நடுவில், இன்னார் வீட்டுக்காரர் என்று உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது வேண்டாம். நீ இங்கே வர வேண்டும். மஞ்சள் தாளோடு வர வேண்டும். மெஷின் முன்னால் நின்று முழிக்க வேண்டும். மேனேஜர் பார்க்க, சித்தி பார்க்க, எல்லோரும் பார்க்க உனக்கு ஒன்றும் தெரியாமல் போக வேண்டும். கடைசியில் நீ என் பக்கம் திரும்பி, என்னங்க இது என்று கேட்க வேண்டும். அப்போது நான் பையிலிருந்து வாஷரை எடுக்க வேண்டும். இதை நான் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய். நீ அழுவது மாதிரிகூட ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நான் சமாதானப்படுத்துவேன்.

அதனால்தான் நீ வால்வைப் பாருங்கள் என்று எழுதிய அன்று எனக்கு அவ்வளவு ஆத்திரம். இங்கே வராமலே, மெஷினைத் தொடாமலே, மூன்று வரியில் கண்டுபிடித்துவிட்டாய். சரியாக இருக்கிறது என்று நான் எழுதியது உன்னை வரவழைக்க மட்டும் இல்லை. நீ சொன்னது தப்பு என்று ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

பாய்லர்காரர் வெறும் சாக்கு. அவர் இல்லாவிட்டால் லாரி டிரைவர் மேல் பொறாமைப்பட்டிருப்பேன். அவர்மேல் பொறாமைப்பட்டால் ஊரே புரிந்துகொள்ளும், ஒரு டீ வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டும். பொண்டாட்டிமேல் பொறாமை என்று எவனிடம் போய்ச் சொல்வது? உன்மேல்தான். நீ தாளில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து.

என்னை மூன்று மாதம் லாரியில் சரக்கேற்றும் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறேன். மெஷின் பக்கம் போகக் கூடாது. சித்தி வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து ஒன்று சொன்னாள். "அவளே தன் தப்பை எழுதி அனுப்பினாளாம். அதைப் பார்த்துட்டு, இவதான் வேணும்னு அங்கேயே நிரந்தரமா இருக்கச் சொல்லியிருக்காங்க. ரெண்டு கிளைக்கும் அவதான் மேல. உன் முகத்துக்காக வேணாம்னு சொல்லப்போறா. தெரிஞ்சுக்கோ" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

அவளிடம் சொல்லியிருக்கிறாய், எனக்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை.

இரண்டு கிளைக்கும் மேல் என்றால் நீ இங்கேயும் வருவாய். நான் மூட்டையோடு நிற்கும்போது தாளோடு என்னைத் தாண்டிப் போவாய். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வேண்டாம், ஜூலையில் வந்துவிடு என்றுதான் முதல் தாளில் எழுதினேன். இரண்டாவதில் உன் இஷ்டம் என்று எழுதினேன், அது அதைவிட மோசமாக இருந்தது. மூன்றாவதில் மனப்பூர்வமான வாழ்த்துகள் என்று எழுதினேன், பொய்.

இதை எழுதும்போது என் வயிறு எரிகிறது. அணைந்த பிறகு எழுதலாம் என்றால் எப்போது அணையும் என்று தெரியவில்லை. எரிந்துகொண்டிருக்கும்போதே சொல்கிறேன். அந்த வேலையை எடுத்துக்கொள்.